நிரையில் மாமன் கிடையாது

களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்களை மேய்க்கிற மண்டோராக நாகமணியைப் போட்டபோது, மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தச் செம்பனைத் தோட்டமே சிரித்தது. எண்பத்து நாலாம் வருஷம் அது. அதுவரை அங்கே பொம்பளை மண்டோரை யாரும் பார்த்ததில்லை. "பாரு, ஒருத்தி மூக்கைச் சிந்துனா போதும், வீட்டுக்கு அனுப்பிடுவா" என்று கள்ளுக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. நாகமணி யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே பாடம். அதை இருபது வயதில், வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு படித்தாள். அப்போது மண்டோராக இருந்தவர் செல்லன், அவளுடைய சொந்தத் தாய்மாமன். மடியில் வைத்துக் காது குத்தியவர். மர வரிசைகளுக்கு நடுவே நிரையில் நின்று, தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்காருகிறேன் மாமா என்று கேட்டாள். செல்லன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நிரையில மாமன் கிடையாது. தூக்கு வாளியை." அன்று சாயங்காலம் பிள்ளை கலைந்தது. செல்லன் ஒரு டின் ஓர்லிக்ஸோடு லயத்து வாசலில் வந்து நின்று, "தப்பா நெனைக்காத தாயி. உனக்குக் குடுத்தா நாளைக்கு முப்பது பேரு கேப்பாங்க" என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் அந்த டின்னை அவர் தலையிலேயே போட்டிருப்பாள். நாகமணி ஓர்லிக்ஸைக் கரைத்துக் குடித்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. அப்படி நினைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன கணக்குச் சொல்வது?

அடுத்துப் பிறந்தவள் திலகம். புருஷன் போன பிறகு வீட்டிலும் அதே சட்டம்தான். அடுப்பில் கை சுட்டுக்கொண்டு அழுதால், "அழுதா ஆறிடுமா?" என்பாள். மகள் சீக்கிரமே அழுகையை விட்டுவிட்டாள்.

மருந்து கண்ணில் தெறிப்பது அங்கே தினசரிக் கதை. ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் சாமான் கொட்டகையில் பூட்டி இருந்தன. ஆபீசர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் வெளியே வரும், மாலையில் திரும்பிப் போய்விடும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் பெண்கள் அடிக்கடி போனால் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி தனபாலன் மண்டோரைக் கூப்பிட்டு, "ஒன் ஆளுங்க மருந்து அடிக்க வந்தாங்களா, மருந்து குடிக்க வந்தாங்களா?" என்று கேட்பார். இரண்டு தடவை அந்தக் கேள்வியை வாங்கிய பழைய மண்டோர் இப்போது எருக்குழியில் வேலை செய்தான்.

அதனால் சின்னத்தாய் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து நின்றபோது நாகமணி யோசிக்கவே இல்லை.

"அக்கா, எரியுதுக்கா. டிரஸ்ஸர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"இதுக்கு எதுக்கு டிரஸ்ஸரு? கங்கா பால் குடுக்கறவதானே. ரெண்டு சொட்டு விடச் சொல்லு. எங்கம்மா காலத்து வைத்தியம்."

கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்த கங்கா, மருந்தில் நனைந்த சட்டையைத் தளர்த்தி, பாலைப் பீய்ச்சி விட்டாள். கூட்டம் சிரித்தது. சின்னத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் சிவந்திருந்து கண் சரியாகிவிட்டது. நாகமணி அதைக் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் சுட்டிக் காட்டினாள். "பாத்தீங்களா?"

அது நடந்து மூன்று வாரம்தான் இருக்கும்.

திலகத்துக்கு ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்து முடி மாதிரி கம்பிகளை ஒட்டும் வேலை. கடிதம் வந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாள் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்தால் போதும். அந்தக் காலையில் அவள் தகரத்திலிருந்து மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அது மண்டோர் செய்ய வேண்டிய வேலை. மகள் கை நடுங்காது என்று நாகமணி அவளிடம் விட்டிருந்தாள்.

தகரம் வழுக்கியது. தண்ணீர் கலக்காத மருந்து இடது கண்ணில் அடித்தது.

திலகம் அலறவில்லை. அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "அம்மா" என்றாள். நிரையில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

நாகமணி இரண்டடி ஓடினாள். கலந்த மருந்துக்கும் கலக்காததுக்கும் உள்ள வித்தியாசம் அவளை விட யாருக்குத் தெரியும்? மூன்றாவது அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து சின்னத்தாயின் குரல் வந்தது.

"என்னா மண்டோரே, ஓட்டமா ஓடுறே? கங்கா இங்கதான் இருக்கா. கூப்பிடவா?"

பதினெட்டுப் பெண்களும் நின்றுவிட்டார்கள். பம்பு அடிக்கும் சத்தம்கூட இல்லை. இன்றைக்கு மகளை அனுப்பினால் நாளைக்கு இவர்களில் ஒருத்தி முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாது என்று நாகமணிக்குத் தெரிந்தது. கள்ளுக்கடையில் என்ன பேசுவார்கள் என்பதும் தெரிந்தது.

"கூப்பிடு" என்றாள்.

சின்னத்தாயின் முகம் மாறிப்போனது. "அக்கா, வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்க்கா. இது பச்சை மருந்து. கூட்டிக்கிட்டுப் போக்கா!"

"நீ சொன்னாலும் சரி, சாமி சொன்னாலும் சரி. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். கங்கா, வா இங்க."

கங்கா அழுதுகொண்டே பால் விட்டாள். திலகத்தை நாலு மணி வரை ஒரு பனையடியில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகுதான் நாகமணி அவளைக் கைப்பிடித்து டிரஸ்ஸரிடம் கூட்டிப் போனாள். அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "எப்ப பட்டுச்சு?" என்று கேட்டார். "காலையில" என்றதும் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். கண் வெந்த முட்டை மாதிரி வெளுத்துப்போனது. வேலைக்குச் சேர வேண்டிய நாள் அதற்குள் கடந்துவிட்டது. கடந்திருக்காவிட்டாலும் அந்த வேலைக்கு இரண்டு கண் வேண்டும்.

தோட்டத்துத் துரை பெரட்டுக்களத்தில் நாகமணியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மகளென்றும் பார்க்காதவள் என்றார். திலகம் திரும்பவும் தோம்பைத் தூக்கினாள். வேறெங்கே போவாள்? வீட்டில் தாயும் மகளும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். சோறு போட்டால் தட்டின் இடது பக்கத்தில் கறி மிஞ்சிக் கிடக்கும். தெரியவில்லையா, வேண்டாமென்று விட்டாளா என்று நாகமணி கேட்டதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், காற்று திரும்பி வீசி கங்காவின் முகத்தில் மருந்து தெறித்தது.

"மண்டோரம்மா, என்னை விடுங்கம்மா. பச்சைப் புள்ளக்காரிம்மா நானு."

இந்தத் தடவை யாரும் குத்திப் பேசவில்லை. சின்னத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போ என்ற ஒரு சொல்தான். நாகமணியின் வாயில் அது வந்துவிட்டது. அந்த நேரத்தில், ஆறாவது நிரையில் திலகம் பம்பை நிறுத்திவிட்டு, நல்ல கண் இந்தப் பக்கம் வரும்படி கழுத்தைத் திருப்பிக் காத்திருப்பதைப் பார்த்தாள். இவளைப் போகச் சொன்னால், அன்றைக்கு மகளை ஏன் போகச் சொல்லவில்லை?

நாகமணி சொல்லை விழுங்கினாள்.

"எதுக்கு அழற? பால் தேடி ஊருக்கா போகணும்? ஒங்கிட்டயே இருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. கங்கா திரும்பி நின்று சட்டையின் ஊக்கைக் கழற்றினாள். ஆறாவது நிரையில் பம்பு மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.