இரண்டு வெள்ளைக் கோட்டுகள்

பாரிஸில், லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்துக்கு அருகே, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில்தான் அவரைப் பார்ப்பேன். புதுச்சேரிக்காரர். நரைத்த மீசை, எப்போதும் தூக்கம் போதாத கண்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டு செலவைப் பகிர்ந்து நடத்திய மருந்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். இரண்டும் ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு கொடுத்திருந்தன. அவற்றை அவர் தனித்தனி இயந்திரத்தில்தான் போடுவார்.

“ஒண்ணாப் போட்டா சண்டை போட்டுக்கும்மா,” என்பார்.

அங்கே உருவாகிக்கொண்டிருந்தது குழந்தைகளின் வலிப்புக்கான மருந்து. என் மகளுக்கும் வலிப்பு. இப்போது கடையில் கிடைக்கும் மாத்திரை பிள்ளையை மந்தமாக்கும், புதியது வரும்வரை பொறுப்பதா என்று நீங்களே யோசியுங்கள் என்றிருந்தார் டாக்டர். நான் பொறுத்திருந்தேன்.

“அண்ணை, அந்த மருந்து எப்ப வரும்?”

என் மடியில் கிடந்த மகளை அவர் பார்த்தார்.

“ரெண்டு கம்பெனியும் தனித்தனியா செஞ்சப்போ, அவன் முந்திடுவான்னு இவன் ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்கினான். இப்ப செலவும் பாதி, பயமும் போச்சு. யாரை முந்தணும்? அஞ்சு மணிக்கே கதவைப் பூட்டிடறாங்க. நீ காத்திருக்காதம்மா.”

“வடிவாத் தெரியுமோ அண்ணை, நிச்சயமோ?”

“தெரியாது,” என்றார்.

மறுநாளே மகளுக்கு அந்தப் பழைய மாத்திரையைத் தொடங்கினேன். வலிப்பு குறைந்தது. மகள் வகுப்பில் மேசைமீது தலைவைத்துத் தூங்குவதாக ஆசிரியை சொன்னார். அந்த மனிதரை அதன்பின் நான் காணவில்லை. மருந்துக்கடைக்குப் போகும்போதெல்லாம் புதியது வந்துவிட்டதா என்று கேட்கிறேன். இல்லை என்கிறார்கள். அவர் பேச்சைக் கேட்டது சரிதான் என்று ஆறுதலாக இருக்கிறது. கடைக்கு வெளியே வந்ததும், மருந்து வராததற்கா ஆறுதல்பட்டேன் என்று வெட்கமாக இருக்கிறது.