குழாய் வழியே வந்த கேள்வி

கல்லூரியில் அவரைச் ‘சுத்தியல் சார்’ என்பார்கள். நிலவியல் பேராசிரியர். பாறை உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். அதைவிடப் பலமாக அவர் பேச்சு விழும் என்பது மாணவர்களின் கேலி. யார் வந்து ‘அடுத்து என்ன பண்றது சார்?’ என்று கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். நீ ஆராய்ச்சிக்குப் போ, நீ அரசாங்கத் தேர்வு எழுது என்று பட்டென்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடம் அப்படியே ஓடியது.

அவரிடம் படித்த ஒரு தையல்காரரின் மகளுக்கும் அப்படித்தான் சொன்னார். அவள் கையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளியில் ஆசிரியை வேலை. மற்றது, மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் நிறுவனத்தில், உள்ளே போய்ப் பாறையைப் பார்த்துச் சொல்லும் வேலை.

“ஸ்கூல் எங்கயும் ஓடிப்போயிடாதும்மா. சுரங்கத்துக்குப் போ. ரெண்டே வருஷத்துல நீ எங்கயோ போயிடுவ.”

ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதினோரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆசிரியர் அறைத் தொலைக்காட்சியில் அந்த மலை வந்தது. சுரங்கத்தின் கூரை சரிந்து ஏழு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் என்றார்கள்.

“என்ன சார், இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்றார் வேதியியல் ஆசிரியை. சார் எழுந்து போய், பாறை மாதிரிகள் வைத்திருந்த அறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார் சார். அடித்தாலும் தேவலை என்றிருந்தது.

“எனக்கு அங்க யாரையும் தெரியாது சார். அவங்க பேசுறதும் புரியாது. நீங்க கூட வாங்க.”

பஸ்ஸில் நாலு மணி நேரம். ‘நான் யோசிக்காமச் சொல்லிட்டேங்க’ என்பதை ஏழெட்டு முறை தொண்டைவரை கொண்டுவந்து விழுங்கினார். கடைசியில் தையல்காரரே பேசினார்.

“அவ அம்மா வேணாம்னா. நானும் வேணாம்னேன். ‘சார் சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்’னுட்டா. அதுக்கு மேல நாங்க என்ன சொல்றது?”

குரலில் கோபமே இல்லை. சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுரங்கத்தில், உள்ளே காற்று அனுப்பும் இரும்புக் குழாய் மட்டும் உடையாமல் தப்பியிருந்தது. அதன் வழியே கத்தினால் கேட்கும் என்றார் பொறியாளர். ஏழு பேருக்கும் உயிர் இருந்தது. தையல்காரர் குழாயில் வாயை வைத்து, “கண்ணு, அப்பா வந்திருக்கேன்டா. உங்க சாரும் வந்திருக்காரு,” என்று சொல்லி அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

“சாரைப் பேசச் சொல்லுங்க,” என்றது குழாய்.

சார் குனிந்தார்.

“சார், இடது பக்கச் சுவத்துல தண்ணி கசியுது. ஆனா காத்து அங்கதான் நல்லா வருது. எல்லாரும் அங்க போயிடலாங்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

தப்பாகச் சொன்னால் ஏழு பேர்.

“தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா?”

“கலங்கலா. காலைல தெளிவா இருந்துச்சு.”

“விரிசல் எந்தப் பக்கமா சாஞ்சிருக்கு?”

“எங்க பக்கமாத்தான்.”

“இங்கேர்ந்து எனக்கு எதுவும் தெரியலம்மா. பயமா இருக்கு. பாக்குறது நீதான். உனக்கு என்ன தோணுது?”

அவர் காதைக் குழாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

“வலது பக்கமே இருந்துடலாம்னு தோணுது சார்.”

“எனக்கும் அப்படித்தான் படுது. அவங்ககிட்ட அழுத்திச் சொல்லு.”

மறுநாள் முற்பகலில் ஏழு பேரையும் வெளியே எடுத்தார்கள். ஒருவருக்கு மட்டும் கால் எலும்பு முறிந்திருந்தது. இடது பக்கச் சுவர் கடைசிவரை விழவே இல்லை. அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலுதவிக் கூடாரத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றார். “நான் சொல்லி நீ இங்க வந்திருக்கக் கூடாதும்மா.”

“எனக்கும் ஆசை இருந்துச்சு சார். ஸ்கூல்ல பாடம் எடுக்கவும் ஆசை இருந்துச்சு. அதை நீங்க கேக்கவே இல்ல,” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. களைப்பில் கண் செருகிக்கொண்டு வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவள் மறுபடியும் அதே சுரங்கத்துக்குள் போனாள். இந்தத் தடவை யாரையும் யோசனை கேட்கவில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டு வரும் மாணவர்களைச் சார் இப்போதும் விரட்டுவதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் போன பிறகு ஒரு செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தால்தான் அவருக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது.

தையல்காரரின் மகள் வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் எடுக்கக் கை வருவதில்லை. வேறு யாரோ அவள் போனிலிருந்து கெட்ட செய்தி சொல்லப் போகிறார்கள் என்றே தோன்றும். மணி நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுக்கிறார்.