மகளின் தொட்டிக்கு உப்புக் கரைத்த நாள்

போன ஐப்பசியில், திருமயத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. சொல்லப்போனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு டிரம் தண்ணீரில் உப்புக் கரைத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் இன்றுவரை என்னால் அதிலிருந்து மீள முடியவில்லை.

என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. படிப்பு நின்றது. திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்வதே வாழ்க்கை என்றானது. குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு. சாப்பாட்டில் உப்பே கூடாது என்ற மாதிரிதான். அவள் மட்டும் தனியாக அப்படிச் சாப்பிட வேண்டாமென்று, வீட்டில் எல்லோருக்குமே உப்பில்லாமல் சமைக்க ஆரம்பித்தாள் என் மனைவி.

வீட்டிலேயே கிடந்தவளுக்குத் துணையாக வந்ததுதான் கடல் மீன் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் உயிருள்ள பவளங்கள். பவளங்கள் விரல்களை நீட்டிக்கொண்டு, காற்றில் நாற்று ஆடுகிற மாதிரி அசையும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். “எனக்கு ரத்தம், அதுக்குத் தண்ணி. ரெண்டு பேருக்கும் டயாலிசிஸ்தான்” என்று சிரிப்பாள். எங்களுக்குச் சிரிப்பு வராது.

ஒருமுறை என் மைத்துனர் வந்து, “என்ன மச்சான், அங்கிட்டு மீமிசல்ல கடலே கெடக்கு. நீங்க உப்பைப் பையில வாங்கிக் கலக்குறீங்களே?” என்று கிண்டலடித்தார்.

“கொண்டாங்க மாமா, ஒங்க காரு டிக்கி நெறைய” என்றாள் மகள். கரையோரத் தண்ணீர் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். சமையல் உப்பிலோ பவளத்துக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் மற்றதும் கிடையாதாம். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மனைவி கூடவே இருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தவள், பேச முடிந்ததும் கேட்டது தொட்டியைத்தான். தண்ணீர் மாற்றாவிட்டால் பவளம் சுருங்கிச் செத்துவிடும். அது செத்துப்போனால் இவளும் மனதை விட்டுவிடுவாளோ என்று எனக்குள் ஒரே பயம்.

வீட்டில் தொட்டிக்குக் கரைக்கிற உப்பு தீர்ந்திருந்தது. திருச்சியில் மீன் தொட்டிக் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று நாங்கள் எப்போதும் வாங்குவது. இன்னொன்றில் சத்து அதிகம், பவளம் மளமளவென்று வளரும் என்றார் கடைக்காரர். எனக்கு ஆசை வந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டேன்.

“வேணாம்ப்பா. பழகுனதையே வாங்குங்க. வளராட்டிப் பரவால்ல, இருந்தாப் போதும்.”

பழைய உப்புப் பையையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து முதலில் உப்பைக் கொட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றினேன். டிரம் முழுக்க வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. வீடியோ காலில் பார்த்தவள், “என்னப்பா, பால் காய்ச்சுறீங்களா? அது கெட்டுப்போச்சு, கொட்டிருங்க. மொதல்ல தண்ணி. கலக்குற மோட்டார ஓட விட்டுட்டு, உப்பைக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும்” என்றாள். அப்படியே செய்தேன்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. மகளை மறுபடி வீடியோ காலில் கூப்பிட்டு, போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு உப்பளவு பார்க்கும் கருவியைத் தேடினேன். அதற்குள் கை தானாக டிரம்முக்குள் போய், ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டது. குழம்புக்கு உப்புப் பார்க்கிற பழக்கம்.

“அப்பா! அதைப் போயி வாயில வைக்கிறீங்க!” என்று கத்தினாள். அப்புறம், மெதுவாக, “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. எனக்கும்தான் பழக்கம் விட்டுப்போச்சே.”

“பொய்யி. ஆபீஸ் கேண்டீன் சாம்பாரு ஒங்க சட்டையிலயே மணக்கும். எனக்குத் தெரியாதாக்கும்? நல்லாச் சாப்பிடுங்கப்பா, அதுக்கில்ல. இப்ப சும்மா சொல்லுங்க. ரொம்பக் கரிக்குதா?”

“கரிக்குதும்மா.”

“ம்” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள், வாயில் எதையோ வைத்துக்கொண்டவள் மாதிரி. பக்கத்தில் இருந்த என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டது திரையில் தெரிந்தது.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் வாளியைத் தூக்கத் தெம்பில்லை. அவள் அம்மாவின் சிறுநீரகம் பொருந்துமா என்று பரிசோதனைகள் நடக்கின்றன. பவளங்கள் வளரவில்லை, இருக்கின்றன. இப்போது நான்தான் உப்புக் கரைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, “மெதுவாப் போடுங்கப்பா” என்று அதட்டுவாள். பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்த என்னால், ஒரு சொட்டு உப்பின் ருசியை அவளுக்கு வாயால் சொல்ல மட்டுமே முடிந்தது என்பது, அந்த டிரம்மின் முன்னால் குனியும்போதெல்லாம் இன்னும் என்னை உறுத்துகிறது.