வெள்ளை பூசாத கல்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் தமிழ்க்காரர்களின் சுடுகாடு இருக்கிறது. பேர்தான் சுடுகாடு, அங்கே யாரையும் எரிப்பதில்லை, புதைப்பதுதான். போகியன்று அவரவர் வீட்டுச் சமாதிக்கு அவரவர் சுண்ணாம்பு அடிப்போம். வெள்ளை பூசாத கல் என்றால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம்.

லாரி நிறுத்த அந்த இடத்தைக் கேட்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். எர்ணாகுளத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கடைசியில் பழைய கல் ஆராய்கிறவர்கள் வந்து, தோசைக் கனத்துக்கு ஏறியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். அடியில் பழைய தமிழ் எழுத்துகள் இருந்தன. இடம் தப்பியது. பாரம்பரியச் சின்னம் என்று வாசலில் பலகை வைத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: இனி எந்தக் கல்லிலும் சுண்ணாம்பு படக் கூடாது.

அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். போகி விடிந்ததும் பார்த்தால், பக்கெட்டில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருக்கிறார்.

பக்கெட்டையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு கிளம்பியவரின் பின்னாலேயே ஓடி, அம்மாவின் கல்லருகே பிடித்தேன்.

“அப்பா, யாராச்சும் பாத்தா பலகைய எடுத்துருவாங்க. அப்புறம் லாரிதான் வரும்.”

“லாரி வந்தா அவ போவா,” என்றார். “வெள்ளை பூசலன்னா? அவ கணக்குல நாமதான் செத்துப் போனோம்னு ஆகும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த இடத்துக்காக நான் பட்ட பாடு இவருக்குத் தெரியாதா? வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அவர் பக்கெட்டைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“செரி. பூச வேண்டாம்.”

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் ‘செரி’யைத் தாங்க முடியவில்லை. அங்குமிங்கும் நடந்தேன். கேட்டைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். அம்மாவின் கல்லைச் சுற்றி வந்தேன். அதன் பின்பக்கம் மதிலை ஒட்டியிருந்தது. ஒரு கை நுழையத்தான் இடம். யார் கண்ணிலும் படாது.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன்.

“நல்லா அடர்த்தியா பூசு மோளே,” என்றார் அப்பா, கேட்டுக்குக் காவல் நின்றபடி.