கூடைக்குள் பால் குடம்

போன பங்குனி மாதம், இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கண்ணீர் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள். அழகாகச் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குக் கைகால் மூட்டெல்லாம் வீங்கிப் பிடித்துக்கொள்கிற வியாதி. வந்து பல வருஷமாகிறது. மாத்திரை போட்டால் அடங்கும், போகாது. ஹட்டனில் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார். அது என் வாய்க்குள் நுழையாததால் நானே 'சக்களத்தி' என்று பெயர் வைத்துவிட்டேன். பின்னே என்ன? ராத்திரி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்கிறாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறாள். பனி கொட்டுகிற மாதங்களில் அவள் அதிகாரம் தாங்க முடியாது.

விடியும்போது என் விரல்களைப் பார்த்தால் சந்தையில் குவித்துவைத்த இஞ்சி மாதிரி இருக்கும். விரியாது, மடங்காது. அதனால் என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை சீவிவிடுகிறார். ஆயுசு முழுக்கத் தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற கவ்வாத்து வேலை பார்த்த மனுஷன். அவர் சீப்பைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

"பாத்துங்க, அடியோட வெட்டிப்புடாதீங்க" என்பேன்.

"வெட்டுனாத்தான் புள்ள நல்லா தழைக்கும்" என்பார்.

தலையை அவர் பார்த்துக்கொள்வார். தேத்தண்ணியை மருமகள் வாயருகில் பிடிப்பாள். மாத்திரையைக் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற மகன் மறக்காமல் வாங்கி அனுப்புவான். ஒரு ராணி கூட இப்படி இருந்திருக்க மாட்டாள் என்று நான் எல்லாரிடமும் பெருமை அடிப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் எனக்குக் கொடுக்கிறார்கள், கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிக் கண் செருகிப் போனது. எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, 'ஆத்தா, இவனை விட்டுக் கொடு, உசிர் உள்ளவரைக்கும் வருஷா வருஷம் உனக்குப் பால் குடம் எடுக்கிறேன்' என்று கத்தினேன். அவள் விட்டுக் கொடுத்தாள். நானும் விடாமல் எடுத்தேன். சக்களத்தி வந்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

இந்தத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், எதற்கும் பழகிப் பார்ப்போம் என்று குடத்தில் தண்ணீர் நிறைத்துத் தலையில் வைத்தேன். இரண்டு கையும் தூக்கிப் பிடித்தால்தானே குடம் நிற்கும்? கை தோளுக்கு மேலே போகவில்லை. குடம் போனது. வாசலில் விழுந்து, படியில் குதித்து, கீழ் லயம் வரைக்கும் மணி அடித்துக்கொண்டே உருண்டது. கீழ் லயத்தில் யாரோ தேர் வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார்களாம்.

விடுமுறையில் வந்திருந்த மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும்மா. நீங்க எடுத்தது எல்லாம் போதும். இந்த வருஷம் உங்களுக்குப் பதிலா இவ எடுப்பா" என்று மருமகளைக் காட்டினான்.

நான் சரி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு இறங்காது. சாமிப் படத்தைப் பார்த்து மட்டும் மனசுக்குள் சண்டை போட்டேன். 'உனக்கு என் குடம் வேணாமுன்னா நேரா சொல்லு. எதுக்கு விரலைப் புடுங்குற?'

அடுத்த நாள் சாயந்தரம் மருமகள் தேயிலை மலையிலிருந்து வந்தாள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த களைப்பு. உச்சந்தலையில் கொழுந்துப் பையின் கயிறு அழுத்தின தடம் அப்படியே இருந்தது. கால் கழுவக்கூடப் போகாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்த, கொழுந்து சொமக்கையில ஒங்க கையி எங்க இருக்கும்?"

"செடியிலதான் இருக்கும். வேற எங்க இருக்கும்? வேல வாங்குற கண்டாக்கு ஐயா தோளுலயா இருக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப கூடைய சொமந்தது யாரு?"

"தல."

"அப்ப கொடத்த சொமக்க மட்டும் கை எதுக்கு?"

என் வீட்டுக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து வீட்டுப் பின்பக்கம் போனார். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்டு நான் கொழுந்து பறித்த பழைய பிரம்புக் கூடை அங்கேதான் கிடந்தது. இப்போது எல்லாரும் சாக்குப் பையில் கொழுந்து போடுகிற காலம். அதனால் அந்தக் கூடையில் எங்கள் சிவப்புக் கோழி குடியிருந்தது. பின்பக்கம் பெரிய கலவரம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் கையெல்லாம் கீறலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காலி பண்ண மாட்டேங்குறா. ஒன்னைய மாதிரியே புடிவாதக்காரி" என்றார்.

மகன் மறுபடியும் மறுத்தான். மருமகள் அவனைப் பார்த்து, "நானும் கூடவே வாறேன். தள்ளாடுனா அங்கயே எறக்கிருவேன்" என்றாள். அவனே போய் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தான். அவள் கூடையை அந்தச் சாம்பலால் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாள். கோழி பக்கத்திலேயே நின்று பார்த்தது.

திருவிழாக் காலையில் மஞ்சள் சேலை கட்டி ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கிருந்துதான் பால் குடம் புறப்பட்டு மேலே கோயிலுக்கு ஏறும். குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டி, சுற்றிலும் வேப்பிலை வைத்து, கூடைக்குள் அசையாமல் இறக்கினாள் மருமகள். கயிற்றை என் உச்சந்தலையில் மாட்டினாள். என் கழுத்துக்கு அந்தப் பாரம் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் கோயில் தலைவர் வந்தார். என் கண்முன்னால் மூக்கு ஒழுக ஓடித் திரிந்தவர்தான். இப்போது தோளில் துண்டு.

"பெரியம்மா, இது என்னா புதுப் பழக்கம்? பால் கொடம் தலையில எடுக்குறது. முதுகுல எடுக்குறது கொழுந்து."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இங்கே இறக்கச் சொன்னால், இனி எந்த வருஷமும் ஏற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. கயிறு எங்க இருக்கு?"

"தலையில."

"பாரம் எதுல நிக்குது?"

அவர் பூசாரியைத் திரும்பிப் பார்த்தார். பூசாரியின் அம்மா என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள், இப்போது இல்லை. பூசாரி கூடையைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து விபூதியை அள்ளி என் நெற்றியில் பூசினார். மிச்சத்தை என் தலையில் கிடந்த கயிற்றில் பூசினார்.

"ஆத்தா இந்த மலைக்காரி. கூடை அவளுக்குத் தெரியாததா? நடங்க பெரியம்மா" என்றார்.

புது மலையில் முதல் கொழுந்து கிள்ளும்போது விளைச்சல் பெருகட்டும் என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து 'பொலியோ பொலி' என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். என்னோடு வேலை செய்த ஒருத்தி கூட்டத்தில் நின்றாள். என்னைவிடக் குறும்புக்காரி. நான் முதல் அடி வைத்ததும் அவள், "பொலியோ பொலி!" என்று கத்தினாள். விளையாட்டுக்குத்தான் கத்தினாள். ஆனால் அடுத்த மூச்சில் பால் குடம் எடுத்த அத்தனை பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்குப் பாதை தெரியவில்லை. தலைவரும் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பழைய பழக்கம்.

மகன் எனக்கு முன்னால் நடந்தான். என் வெறுங்காலில் படாமல் பாதையில் கிடந்த கல்லையெல்லாம் காலால் ஒதுக்கிக்கொண்டே போனான். மருமகள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கோயிலுக்கு முன்னால் செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. அங்கே முழங்கால் இரண்டும் மாட்டேன் என்றன. 'ஆத்தா, இந்த ஒரு ஏத்தம்' என்றேன். உடனே கூடை லேசானது. நிஜமாகவே லேசானது. உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது.

ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க, இரண்டு கையையும் கூடைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, வேண்டுதல் எனக்கா ஒங்களுக்கா?"

"கோழிதான் சொல்லிவிட்டுச்சு, கூடைய பத்தரமா திருப்பிக் கொண்டாரச் சொல்லி."

நான் கையை எடுக்கச் சொல்லவில்லை. அவரும் எடுக்கவில்லை.

கோயிலில் இறக்கிப் பார்த்தால் குடத்தில் பாதிப் பால்தான் இருந்தது. மீதி துணி வழியாகத் தளும்பி என் முதுகில் இறங்கியிருந்தது. சேலை ஒட்டிக் குளிரில் நடுங்கினேன். மருமகளுக்கு முகம் வாடிப் போனது, குறையாகிவிட்டதோ என்று. பூசாரி இருந்ததை அம்மன் தலையில் ஊற்றினார். அம்மன் முகத்தில் பால் வழிகிற அதே நேரத்தில் என் முதுகிலும் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. இத்தனை வருஷத்தில் எனக்கு அபிஷேகம் நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"சக்களத்தியும் ஒரு வாய் குடிச்சிருப்பா" என்றார் என் வீட்டுக்காரர் காதோடு. கோயில் என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சக்களத்தி எங்கேயும் போகவில்லை. மறுநாள் காலையிலும் விரல்கள் இஞ்சியாகத்தான் இருந்தன. கூடையை மருமகள் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். கோழிக்குப் பழைய வாளி ஒன்று கொடுத்துச் சமாதானம் செய்தாயிற்று. இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட முடியாத காலைகளில், படுத்தபடியே அந்தக் கூடையைப் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு அந்த ஏற்றத்தில் பாரத்தைத் தாங்கியது ஆத்தாவா, என் வீட்டுக்காரரா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, பிரித்துப் பார்க்க ஆசையுமில்லை.