சர்க்கரை இல்லாத இரண்டு மூடி

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நாய்க்கு இரண்டு மூடி இருமல் மருந்து ஊற்றினேன். நேரம் இத்தனை துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அன்று விடிந்ததிலிருந்து நான் சுவர்க் கடிகாரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு ஆடிட்டர் வருவதாக இருந்தது.

அவிநாசி போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் கட்டடம். கீழே தையல் யூனிட், மேலே வீடு. துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்குத் தைத்துக் கொடுப்பவர்களுக்கு வருடம் ஒருமுறை இந்தத் தொல்லை உண்டு. கணக்குப் பார்க்கிற ஆடிட் அல்ல இது. தீயணைக்கும் கருவி எங்கே, கழிவறையில் சோப்பு இருக்கிறதா, விரலில் ஊசி ஏறினால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். தைக்கிற இடத்தில் பிராணிகள் இருக்கக் கூடாது என்பதும் அவர்கள் பட்டியலில் ஒன்று. எங்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. என் மகளுடைய நாய்.

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்பு கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தாள். அது நான்கு நாளாக இருமிக்கொண்டிருந்தது. வறட்டு இருமல், ஒவ்வொரு முறையும் வாந்தி வருவது போன்ற ஓங்கரிப்பில் முடியும். மகளே கால்நடை டாக்டருக்குப் போன் செய்து சனிக்கிழமை மாலைக்கு நேரம் வாங்கினாள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். சனி ஆறு மணி டாக்டர், அதுவரை நாம் குடிக்கிற மருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஒட்டிவிட்டுத் திரும்பி, "உனக்குத்தாம்மா" என்றாள். சரி என்றேன். நான் குற்றம் செய்தது வியாழக்கிழமை.

இந்த யோசனையை என் தலையில் போட்டது என் கணவரின் அக்கா. கணியூரில் தோட்டம். அவர்கள் தோட்டத்து நாய்களுக்கு இருமல் மருந்தைத்தான் ஊற்றுவார்களாம், எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறதாம். மருந்துக்கடைக்காரரும் தலையாட்டினார், குழந்தைக்குக் கொடுக்கிற அளவு கொடுங்கள் என்று. தெரியாத விஷயத்தில் இவ்வளவு தாராளமாக வாய் திறக்கிறவர்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதால் நான் ஊற்றவில்லை. நாயை வேஸ்ட் ரூமில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். இருமல் கதவைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் ஊற்றினேன். நோய் தீர வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

மருந்து, தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில், முதலுதவிப் பெட்டியில் இருந்தது. பெட்டி நிறைந்து தெரிய வேண்டும் என்று ஆடிட்டுக்குத் தயார் செய்துதருகிற ஆள் சொன்னதால், முந்தின நாள் வீட்டிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து அடுக்கியிருந்தேன். அதில் என் கணவரின் இருமல் மருந்தும் ஒன்று. அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். எங்கள் வீட்டில் பிஸ்கட், டீ, மருந்து எல்லாமே சர்க்கரை இல்லாதவை. சர்க்கரை இல்லாதது எதுவும் உடம்புக்கு நல்லது என்று பழகிவிட்டோம். நாய்க்கும் இதுதான் சாதுவான மருந்து என்று நினைத்தேன். லேபிளை வாசிக்கவில்லை. பி.காம். படித்தவள். ஏற்றுமதிக் காகிதத்தில் ஓர் எண் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன்.

நாய் மறுக்கவில்லை. இனித்திருக்க வேண்டும். மூடியையும் நக்கியது, என் விரலையும் நக்கியது.

ஆடிட்டர் வந்தபோது இருமல் அடங்கியிருந்தது. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், குரலை உயர்த்தாத இளைஞர். எதைப் பார்த்தாலும் "ஓகே மேடம்" என்றுவிட்டு, அதைக் குற்றமாக எழுதிக்கொண்டார். பதினொன்றுக்குச் சற்று முன்னால் செக்கிங் டேபிளில் வேலை செய்கிற பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். தேனிப் பக்கத்துக்காரி, எங்களிடம் ஆறு வருடமாக இருக்கிறாள். "அக்கா, நாய் நிக்க மாட்டேங்குது. காலு பின்னுது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வாந்தி எடுத்திருந்தது. எழ முயன்றது, பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கிப்போயின. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே ஏதாவது கொடுத்தீர்களா என்பதுதான். ஆடிட்டர் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அதைவிட, இந்த டாக்டரிடம் சொன்னால் மகளுக்குத் தெரிந்துவிடும். இல்லை என்றேன். இருமலோடு கால் தடுமாற்றமும் சேர்ந்தால் மூளைக்குப் போகிற ஒரு தொற்றுக் காய்ச்சலாக இருக்கலாம், கிளினிக்கில் மற்ற நாய்கள் இருக்கிற நேரத்தில் வேண்டாம், பன்னிரண்டரைக்குக் கொண்டுவாருங்கள் என்றார் அவர். என் ஒரு சொல் அந்த நாய்க்கு வேறொரு நோயைக் கொடுத்துவிட்டது. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

கணவருக்கும் போன் செய்தேன். அவர் சரக்கு விஷயமாகக் காதர்பேட்டையில் இருந்தார். ஆடிட் முடிந்ததா என்று கேட்டார். நாயைப் பற்றிச் சொன்னதும், "அதை அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல அந்தாள அனுப்பு" என்று வைத்துவிட்டார்.

அந்தாள் அதற்குள் முதலுதவிப் பெட்டியைத் திறந்திருந்தார். குடிக்கிற மருந்து எதுவும் இந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது என்றார். இருமல் மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திறந்திருக்கிறது, குறைந்திருக்கிறது, ஆனால் மருந்து எடுத்தவர்கள் ரிஜிஸ்டரில் யார் பெயரும் இல்லையே என்றார். ஒரு தொழிலாளிக்கு இருமல் என்றேன். யார் என்றார். நான் செக்கிங் டேபிளைக் காட்டினேன்.

அவள் கையிலிருந்த பனியனை மடித்துக் கீழே வைத்தாள். "நாய்க்கு ஊத்துனத என் தலையில எழுதாதீங்கக்கா. எனக்கு இருமலே கிடையாது" என்றாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

வேஸ்ட் ரூமிலிருந்து தகரத்தில் எதுவோ மோதுவது போன்ற சத்தம் வந்தது. நாய்க்கு வலிப்பு வந்திருந்தது.

மறுபடி போன் செய்து, இரண்டு மூடி இருமல் மருந்து கொடுத்தேன், பத்து பத்துக்கு என்றேன். டாக்டர், "லேபிள வாசிங்க" என்றார். பொடி எழுத்தை வாசித்துக்கொண்டே போனேன். சைலிடால் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார். இனிப்புக்காகச் சேர்க்கிற பொருள், மனிதருக்கு ஒன்றும் செய்யாது, நாயின் உடம்பு அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும், ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போய்விடும் என்றார். உடனே புறப்படுங்கள், வலிப்பு நின்றதும் வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் மட்டும் தடவுங்கள், தொண்டைக்குள் ஊற்றிவிடாதீர்கள் என்றார்.

எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லை. மாடிக்கு இரண்டு படி ஏறியபிறகுதான் அது உறைத்தது. ஏறிய இடத்திலேயே நின்றேன்.

அந்தப் பெண் செக்கிங் டேபிளுக்கு அடியில் குனிந்து, துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். வேலை செய்கிற இடத்தில் தின்பண்டம் வைத்திருப்பது ஆடிட்டில் இன்னொரு குற்றம். ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்தாள். "சீனிக்கா. ஒங்க கம்பெனி டீய மனுசன் குடிக்க முடியாதுல்ல, அதான் கொண்டாறேன்" என்றாள். அதில் ஒரு சிரிப்பும் இல்லை.

நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். அவள் பின்னால் உட்கார்ந்து, நாயைக் கட்பீஸ் துணியில் சுற்றி மடியில் வைத்து, டப்பா மூடியில் கரைத்த சீனித் தண்ணீரை ஈறில் தடவிக்கொண்டு வந்தாள். புறப்படும்போது ஆடிட்டர் வாசல்வரை வந்து, "ரிஜிஸ்டர்ல யார் பேர் மேடம் போடறது?" என்று கேட்டார். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வழியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தப் புள்ள எழுதி ஒட்டிருக்குதாமே, அத நீங்க பாக்கலயா?" என் மகள் அவளிடம் இதையெல்லாம் பேசுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் முன்னங்காலில் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றினார். கால் மணி நேரத்தில் நாய் கண்ணைத் திறந்தது. அவர் முகத்தில் கோபம் தணியவில்லை. "இருமல்ல அது சாவப்போறதில்லீங்க. ஒரு வாரம் பத்து நாள்ல தானா போயிருக்கும். முதல் போன்லயே உண்மையச் சொல்லியிருந்தா வலிப்பே வந்திருக்காதுங்க" என்றார். இந்தப் பொருள் இல்லாத இருமல் மருந்தும் ஆபத்துதான், மூக்கடைப்புக்குச் சேர்க்கிற மருந்து இதயத்தைப் பிடிக்கும், காய்ச்சலுக்குச் சேர்ப்பது ஈரலைப் பிடிக்கும், சாதுவான பாட்டில் என்று ஒன்று கிடையாது என்றார். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன். தவறு செய்த தொழிலாளிகளை நான் இப்படி நிறுத்திவைத்துப் பேசியிருக்கிறேன்.

செக்கிங் பெண் பஸ் ஏறி வேலைக்குத் திரும்பிவிட்டாள். டப்பாவைக் கையோடு எடுத்துப்போனாள். நான் நாயின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். பாட்டில் தீர்ந்து இன்னொன்று மாட்டினார்கள். மூன்று நாளைக்கு ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை மாலை அது எங்கள் யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கு நான் போன் செய்யவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த மணி நேரத்தில் செய்யலாம் என்று தள்ளிவைத்தேன்.

நாலே முக்காலுக்கு மகள் வந்தாள். சீருடையோடு, முதுகில் பையோடு. வீட்டுக்குப் போய், வேஸ்ட் ரூமைப் பார்த்து, செக்கிங் டேபிளில் கேட்டுவிட்டு வந்திருந்தாள். நான் எழுந்தேன். என்னைக் கடந்து போய் நாயின் தலைக்கு அருகில் மண்டியிட்டாள். துணிக்குள்ளிருந்து வால் நுனி மட்டும் இரண்டு முறை அசைந்தது. அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் போதும் என்று இருந்தது.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, ராத்திரி எத்தனை மணிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். மகள் எழுந்து கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"அத என்கிட்டச் சொல்லுங்க டாக்டர். இனிமே மருந்து விசயம் எதுன்னாலும் எனக்கே போன் பண்ணுங்க. அம்மாகிட்டச் சொல்ல வேண்டாங்க" என்றாள்.