படகில் எழுந்து நின்ற சாக்ஸபோன்காரன்

சில வருடங்களுக்கு முன், குருநகர் மாதா கோயில் பெருநாள் அன்று பின்னேரம் நடந்தது இது. நான் கடற்கரை ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் வட்டுக்கோட்டை, வீட்டைச் சுற்றி வயல். எனக்குப் பழகிய தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான். நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

கொழும்பில் ஒரு ஹோட்டல் ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் ஊதுவது என் தொழில். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவனுக்கு ஜாஸ் எப்படிப் பிடித்தது என்று ஊரில் கேட்காதவர் இல்லை. பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல? இத்தனை காலம் மற்றவர்களின் பாட்டுக்குப் பின்னால் நின்று ஊதியவன், அதற்கு அடுத்த கிழமை என் பெயரிலேயே முதல் இசைத்தட்டுக்கு ஊத இருந்தேன். அந்த உற்சாகத்தோடு அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன்.

குருநகரில் எனக்கு ட்ரம்பெட் ஊதும் நண்பன் ஒருவன் இருக்கிறான். மாதா சொரூபத்தைப் படகில் வைத்து ஊர்வலம் போவார்கள், பின்னால் இன்னொரு படகில் வாத்தியக்காரர் போவார்கள். "நீயும் வந்து ஊதன்ரா" என்றான். கேட்டால் சும்மா இருப்பேனா? கழுத்துப் பட்டியில் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

போகும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. திரும்பி வரும்போது நண்பன் ஒரு பக்திப் பாட்டை மெல்ல ஜாஸ் தாளத்துக்கு மாற்றி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்: இனி உன் முறை. முறை வந்தவன் எழுந்து நின்று தனியாக ஊத வேண்டும். மேடையில் பழகிய கால், இது படகு என்று யோசிக்கவில்லை. எழுந்தேன், கண்ணை மூடினேன், ஒரு பக்கம் வளைந்து ஊதினேன். படகு சாய்ந்தது. நான் கடலுக்குள்.

கழுத்தில் தொங்கிய சாக்ஸபோன் என்னைக் கீழே இழுத்தது. படகோட்டி அண்ணை குதித்து வந்து என்னைப் பிடித்தார். பிடித்த கையோடு பட்டியின் கொக்கியைக் கழற்றிவிட்டார். சாக்ஸபோன் தாழ்ந்துபோனது.

"ஐயோ, அதை விடாதேங்கோ அண்ணை!" என்று உப்புத் தண்ணீரை விழுங்கிக்கொண்டு கத்தினேன்.

"முதல்லை உம்மடை மூச்சைப் பிடியும் தம்பி. மூச்சு இல்லாட்டி அதை ஆர் ஊதுறது?"

என்னைப் படகில் தூக்கிப் போட்டுவிட்டு, மூச்சை அடக்கி மறுபடி மூழ்கினார். நான் நனைந்த கோழியாக நடுங்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தேன். அந்த வாத்தியத்துக்குப் பழகிய வாய் என்னுடையது. ஒரு கிழமைக்குள் வேறொன்றுக்கு எங்கே போவேன்? இசைத்தட்டு போச்சு என்று வாய்விட்டு அழுதேன். அவர் வெறுங்கையோடு மேலே வந்தார், திரும்பவும் மூழ்கினார். கடைசியில் சேறு வழிய என் சாக்ஸபோன்தான் முதலில் மேலே வந்தது! "மாதாவே!" என்று அலறிவிட்டேன். சைவக்காரன் போட்ட சத்தத்தைச் சொல்லி நண்பன் இன்றைக்கும் சிரிப்பான்.

கரைக்கு வந்ததும் அண்ணை தன் வீட்டுக்கு ஓடி, குடிக்க வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் கானைத் தூக்கி வந்து சாக்ஸபோன் மேல் ஊற்றத் தொடங்கினார்.

"குடிக்கிற தண்ணி அண்ணை!"

"உப்புக் காஞ்சா சாமான் போச்சு. எஞ்சின் கடலுக்கை விழுந்தாலும் உதுதான் செய்யிறனாங்கள். நீர் திருப்பிப் பிடியும்."

அன்றிரவு முழுக்க அது மின்விசிறிக்குக் கீழே கிடந்தது. காலையில் பயந்து பயந்து ஊதினேன். முதலில் இருமியது. பிறகு பாடியது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. கொழும்பில் பதிவும் நல்லபடி முடிந்தது.

இசைத்தட்டு வந்ததும் முதலில் அவருக்குத்தான் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "சேத்துக்கை கிடந்ததோ தம்பி உப்பிடிக் கதைக்குது?" என்றார்.

இன்றும் என் முறை வந்தால் எழுந்துதான் நிற்கிறேன். ஆனால் ஊதும் முன் இழுக்கிற அந்த முதல் மூச்சை, அவர் எடுத்துத் தந்தது என்ற நினைப்பில்லாமல் ஒருநாளும் இழுத்ததில்லை.